நாலாம் நம்பர்

கரமனையிலேர்ந்து கழக்கூட்டத்துக்கு ரெண்டு பஸ் மாறணும் ஸார். ஆனா ஒரு நாள்கூட நான் ஆபீசுக்கு லேட்டாப் போனதில்லை.

என் ஜோலி என்னன்னு கேட்டேள். ஆஸ்பத்திரிகளுக்கு நாங்க எழுதிக் கொடுத்த சாப்ட்வேர்ல கோளாறுன்னு யாராவது சொன்னா, அது எவ்வளவு தீவிரம்னு நம்பர் போடறது. ஒண்ணு போட்டா எல்லாரும் கைவேலையை விட்டுட்டு அதைத்தான் பாக்கணும். நாலுன்னா திரையில பாக்க நன்னா இல்லைங்கற சின்னக் குறை, மெதுவாப் பாத்துக்கலாம். சொல்றவாளுக்கு எல்லாமே ஒண்ணுதான். நாமதான் நிதானமா இருக்கணும்.

2002 ஜூன்ல ஒரு திங்கக்கிழமை உலகம்மாள்னு ஒரு நர்ஸ் போன் பண்ணினா. செங்கோட்டைக்காரி. மலையாளம் பேசற எங்க ஆபீஸ்ல தமிழ் பேசறவன்னு என்னையே கேட்டு வாங்கினா.

"சார், வார்டுல ரெண்டு பேச்சிமுத்து கிடக்காங்க. ஒருத்தர் உ. பேச்சிமுத்து, இன்னொருத்தர் ம. பேச்சிமுத்து. கம்ப்யூட்டர் இனிஷியலை முழுங்கிட்டு ரெண்டு பேரையும் ஒண்ணாக்கிட்டு. ம.வுக்குப் பென்சிலின் ஆகாது. அந்தக் குறிப்பையே காணோம். சீக்கிரம் பாருங்க, கேட்டியளா."

புரோகிராம் எழுதினது அஞ்சுன்னு ஒரு மலையாளத்துப் பொண்ணு. ஒத்தை எழுத்து ஏதோ டைப்பிங் பிழைன்னு வெட்டிவிட்டிருக்கா. அவ ஆள்களுக்கெல்லாம் நீளமா வீட்டுப்பேர் உண்டு. கொத்து வேலைக்கு வர்ற நம்ம ஆள்களுக்கு அந்த ஒத்தை எழுத்துதான் அப்பா பேர், அது போனா ஆளே மாறிடும்னு அவளுக்குத் தெரியாது, பாவம். எனக்குத் தெரியும். அங்கே எனக்கு மட்டும்தான் தெரியும்.

நாலு போட்டேன். 'பெயருக்கு முன் ஓர் எழுத்து தெரியவில்லை'ன்னு எழுதினேன். பொய்யில்லையே. வெள்ளிக்கிழமை புது வெர்ஷன் போகணும். ஒண்ணாம் நம்பர் கிடந்தா அது போகாது, அது போகாட்டா என் அமெரிக்கா விசா பேப்பரும் நகராது. நாலு நாள்தானேன்னு இருந்துட்டேன்.

புதன்கிழமை உலகம்மாளுக்கு லீவு. டூட்டியில இருந்தவ கம்ப்யூட்டரைப் பாத்துட்டு ம. பேச்சிமுத்துக்குப் பென்சிலின் ஊசி போட்டுட்டா. பத்து நிமிஷம்கூடத் தாங்கலையாம். உலகம்மாள் போன்ல அழுதா. "சாரமில்லை, சமாதானமா இருங்கோ"ன்னேன், பரவாயில்லைன்னு மலையாளத்துல சொல்றாப்பல. எனக்கு அழுகை வரலை. பசிச்சுது, கேன்டீன்ல போய்ச் சாப்பிட்டேன்.

அப்பறமா அந்தப் பதிவைத் திறந்தேன். நாலை ஒண்ணா மாத்தலாம். மாத்தினா கேள்வி வரும், அஞ்சுவோட தலைதான் உருளும். சின்னப் பொண்ணு. அதனால 'சோதித்தாயிற்று, கோளாறு மறுபடி வரவில்லை'ன்னு எழுதி மூடினேன். நெஜமாவே சோதிச்சேன் ஸார். அப்போ வார்டு லிஸ்ட்ல ஒரே ஒரு பேச்சிமுத்துதான் மிச்சம் இருந்தான்.