கழற்றி வைத்த கடிகாரம்

கோப்பை நிறையத் தேநீர் ஊற்றிவிட்டீர்கள். எங்கள் பக்கம் விருந்தாளிக்குப் பாதிக் கோப்பைதான் ஊற்றுவோம். நிறைத்தால் எழுந்து போ என்று பொருள். நீங்கள் தலைநகர் பிஷ்கேக்கில் வளர்ந்தவர், மறந்திருக்கும். பரவாயில்லை, குடிக்கிறேன். அந்தக் கதவு கொஞ்சம் திறந்தே இருக்கட்டுமே. மணி என்ன ஆகிறது?

எங்கள் நிலையத்தில் போலீஸார்மீது வரும் புகார்களை ஒன்பது வருடமாக நான்தான் பார்த்தேன். ஆள் பற்றாக்குறை, அதனால் திருட்டு வழக்கு விசாரணையும் என் தலையில்தான். மொத்தம் நாற்பத்தொரு புகார்கள் வந்தன. ஒன்றுகூட மேலிடத்துக்குப் போகவில்லை. யாரையும் மிரட்டியதில்லை. வீடு தேடிப் போவேன், பூட்ஸை வாசலில் கழற்றுவேன், அவர்கள் வைத்த ரொட்டியைப் பிட்டுச் சாப்பிடுவேன். தன் வீட்டு ரொட்டியைத் தின்றவனிடம் யாருக்குத்தான் முகத்தை முறிக்க மனம் வரும்? திரும்பும்போது என் பையில் ஒரு தாள் இருக்கும்: 'எனக்கு எவர்மீதும் குறையில்லை.'

புருல்சா அக்கா சந்தையில் காய்ந்த தயிர் உருண்டை விற்பவர். அவருடைய மூத்த மகன் மெதர்பெக்கைக் குதிரை திருடியதாகப் பிடித்துவந்தோம். வீடு திரும்பிய நான்காம் நாள் சிறுநீரகம் கெட்டு இறந்தான். அடித்தவர் பெயர் தெரியாது என்றே அக்கா புகாரில் எழுதியிருந்தார்.

நான் போனபோது வழக்கம்போலக் கைகழுவத் தண்ணீர் ஊற்றினார். பாதியில் கெண்டியை நிறுத்திவிட்டார்.

"எது செய்றதுக்கு முன்னாடியும் வாட்ச்சக் கழட்டித்தான் வைப்பீங்களா தம்பி?"

"அப்பா குடுத்ததுக்கா. தண்ணி பட்டா நின்னுடும்."

கிண்டல் செய்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன். ரொட்டி சாப்பிட்ட பிறகு இளையவனைப் பற்றிப் பேச்செடுத்தேன்.

"அஸத் எங்க ஸ்டேஷன்லதான்க்கா இருக்கான். டீ குடிச்சிட்டிருக்கான். நீங்க எழுதிக் குடுத்தா மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துடுவான்."

எழுத நெடுநேரம் எடுத்துக்கொண்டார். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. வாங்கியதும் படிக்காமல் கோப்பில் சேர்த்துவிட்டேன். நாற்பது தாளிலும் ஒரே வரிதானே? அஸத் சாப்பாட்டுக்குப் போய்விட்டான். நான் வாக்குத் தவறுகிறவன் இல்லை.

அடியில் இன்னும் இரண்டு வரி இருந்ததை இந்த விசாரணையில் நீங்கள் காட்டித்தான் பார்த்தேன். 'இவர் கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டுக் கை கழுவினார். என் மகனை அடித்தவரும் முதலில் அதைத்தான் செய்தாராம்.'

ஆமாம், மெதர்பெக்கை அடித்தது நான்தான். கடைசிவரை இல்லை இல்லை என்றான், எனக்கு எரிச்சலாக வந்தது. அடுத்த வாரம் குதிரை மேட்டுப் புல்வெளியில் மேய்ந்துகொண்டிருந்தது. என்மீதே வந்த புகாரை நானே முடித்துவைத்தேன். அந்தத் தாய்க்கு அலைச்சல் மிச்சம் என்றுதான் அப்போது தோன்றியது.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நீங்களும் மரியாதையாகத்தான் நடத்துகிறீர்கள். ஒரு தாள் கொடுங்கள், எனக்கு எவர்மீதும் குறையில்லை என்று இப்போதே எழுதித் தருகிறேன். மேஜைமேல் கழற்றி வைத்திருக்கும் உங்கள் கடிகாரத்தை மட்டும் மறுபடி கையில் கட்டிக்கொள்ளுங்கள்.