கேசரின் முன்னங்கால்கள்

உங்கள் இடது பூட்ஸ் குதிகாலில் வெளிப்பக்கமாகத் தேய்ந்திருக்கிறது, ஐயா. நீங்கள் உள்ளே வரும்போதே பார்த்தேன். தப்பாக நினைக்க வேண்டாம். நாற்பது வருஷமாகக் காலைப் பார்த்தே பிழைத்தவனுக்கு முகமெல்லாம் அப்புறம்தான். இடுப்பில் ஏதாவது பழைய அடி இருக்கும், அதைக் காப்பாற்றப் போய் ஒரு பக்கமாகச் சாய்ந்து நடக்கிறீர்கள். செருப்புத் தைப்பவரிடம் சொல்லி உள்ளே ஒரு தோல் துண்டு வைத்துக்கொண்டால் சாயங்காலம் முதுகு வலிக்காது.

குதிரைக்கும் இதே கதைதான். காலைத் தூக்கிப் பார்ப்பதற்கு முன்னால் அது நடப்பதைக் காதால் கேட்க வேண்டும். கெட்டித் தரையில் நடக்கவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டால் நாலு சத்தமும் ஒரே அளவில் விழ வேண்டும். ஒன்று மட்டும் லேசாக விழுந்தால் அந்தக் காலில் வலி என்று அர்த்தம். அப்புறம் கழற்றின பழைய லாடத்தைப் பார்ப்போம், எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறதோ அந்தப் பக்கம் பாரம் விழுகிறது. செதுக்குவதும் அரம் போடுவதும் அதற்குப் பிறகுதான். பின்னாலிருந்து பார்த்தால் இரண்டு குதிகாலும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். பக்கத்திலிருந்து பார்த்தால் கணுக்காலிலிருந்து குளம்பு நுனிவரை ஒரே கோடாக ஓட வேண்டும். எங்கள் மாலாணிப் பக்கத்தில் குதிரை வைத்திருக்கிற எல்லோரும் இதைப் பேசுவார்கள். செய்யத் தெரிந்தவர்கள் இரண்டு பேர். ஒருவன் நான், பச்சல் கான். இன்னொருவன் என் மூத்த மகன் இலியாஸ். நேற்று இந்த ஸ்டேஷனுக்கு வந்து உங்களிடம் ஒரு துணி முடிச்சைக் கொடுத்தானே, அவன்தான்.

அவன் ஊன்றுகோலோடு வந்ததைப் பார்த்திருப்பீர்கள். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஏழு வருஷத்துக்கு முன்னால் பெரிய வீட்டுக்காரர் ஒருவரின் பொலிகுதிரைக்கு லாடம் அடித்துக்கொண்டிருந்தேன். ஓர் ஆணி ஒரு நெல்லளவு உள்ளே போய்ச் சதையைத் தொட்டுவிட்டது. சுத்தியல் சத்தம் மாறியதிலேயே எனக்குத் தெரிந்தது. பிடுங்கியிருக்க வேண்டும். அவர் பக்கத்தில் நின்று, என் கைக்கு நிகரில்லை என்று நாலு பேரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் எப்படிப் பிடுங்குவது? காலைப் பிடித்திருந்த இலியாஸ் என்னை நிமிர்ந்து பார்த்தான். "பிடிடா, ஒண்ணும் பண்ணாது" என்றேன். அடுத்த அடியில் குதிரை உதைத்தது. இடுப்பு எலும்பு போய்விட்டது. அவனுக்கு அப்போது இருபது வயது.

அந்த ஆணியைப் பற்றி அவன் இதுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

என் மனைவி அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள். வீட்டில் நாங்கள் மூன்று ஆண்கள். இளையவன் ஹனீஃப்தான் எல்லாம். கம்பு ரொட்டி சுடுவான், அண்ணனைக் குளிப்பாட்டுவான், சாயங்காலம் ஆனால் தன் கேசர் குதிரை மேல் அவனை முன்னால் ஏற்றிக்கொண்டு ஆற்றங்கரைவரை போய்வருவான். குங்குமப்பூ நிறத்துப் பெட்டைக் குதிரை அது, குட்டியிலிருந்து அவன் வளர்த்தது. ஏறும்போது தினமும் ஒரு சண்டை நடக்கும்.

"அண்ணே, மெதுவா ஏறு. உன் கனத்துக்குக் கேசர் என்னைத் திட்டுறா."

"உன் ரொட்டியத் தின்னா கனம் ஏறாம என்னடா செய்யும்? நேத்துச் சுட்டதுல ஒண்ணு எடுத்து வச்சிருக்கேன். இரும்பு தட்டுப்பாடானா லாடமா அடிச்சுக்கலாம்."

நான் உலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். அந்தப் பேச்சு இருந்தவரைக்கும் எனக்கு அந்த வீட்டில் மூச்சு விட முடிந்தது. உண்மையைச் சொல்கிறேன்.

இந்த வருஷம் தில்வாடாச் சந்தைக்கு ஜெய்ப்பூருக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு பெரிய குதிரைப் பண்ணைக்காரர்கள் வருவதாகச் செய்தி வந்தது. நன்றாகச் சவாரி செய்கிற பையன்களைக் குதிரையோடு எடுத்துக்கொள்வார்களாம். அங்கேயே தங்க வேண்டும், வருஷத்துக்கு ஒரு தடவை பெருநாளுக்கு வரலாம். ஹனீஃப் சொல்லத் தயங்கினான். இலியாஸ்தான் பேச்சை எடுத்தான்.

"போடா. இங்கேயே கிடந்தா என் லுங்கியத் துவைச்சே கிழவனாயிருவ."

"நான் போனா உன்ன யாரு தூக்குவா?"

"அத்தா இருக்காரு. இல்லேன்னா ஒரு கழுதை வாங்கிக்கிறேன். உன்ன விட அது கம்மியாத்தான் பேசும்."

மூவரும் சிரித்தோம். ஆனால் அன்றைக்கு இலியாஸ் பாதி ரொட்டியைத் தட்டில் அப்படியே விட்டுவிட்டு எழுந்தான். நான் அதைப் பார்த்தேன். தம்பி போகப்போகிற துக்கம்தான் என்று எனக்குப் பட்டது. ஒருவனை முடமாக்கியது நான், அவனுக்குக் காலாக இருந்தவனையும் அனுப்பிவிட்டு எந்த முகத்தோடு அவன் எதிரில் உட்காருவேன் என்று நினைத்தேன். அன்றைக்குத் தனக்குப் பல்வலி என்று இலியாஸ் இப்போது சொல்கிறான். இருக்கலாம்.

மறுநாள் காலையில் லூணி ஆற்றுக்குப் போய்க் கூழாங்கல் பொறுக்கி வந்தேன். வீடு திரும்ப மத்தியானம் தாண்டிவிட்டது. ஹனீஃப் ரொட்டியை மூடிவைத்துவிட்டுச் சாப்பிடாமல் எனக்காகக் காத்திருந்தான்.

கல் எதற்கு என்று நீங்கள் கேட்பீர்கள். சந்தையில் நொண்டிக் குதிரையைத் தலையில் கட்டுகிறவர்கள் செய்கிற வேலை ஒன்று இருக்கிறது. வலது கால் நொண்டுகிறது என்றால், நன்றாக இருக்கிற இடது காலில் லாடத்துக்கும் குளம்புக்கும் நடுவே ஒரு பொடிக் கல்லை வைத்து ஆணி அடித்துவிடுவார்கள். இரண்டு காலும் ஒரே அளவுக்கு வலித்தால் குதிரை நொண்டாது. எந்தக் காலை விட்டு எந்தக் காலில் சாய்வது என்று அதற்குத் தெரியாது. நேராக நடக்கும். வாங்குகிறவன் ஊர் போய்ச் சேர்ந்த பிறகுதான் தலையில் கைவைத்துக்கொள்வான். இதைச் செய்துதரச் சொல்லி என்னிடம் வந்தவர்களைத் திட்டி விரட்டியிருக்கிறேன், ஊரில் கேட்டுப் பாருங்கள்.

கேசருக்கு நான் ஒரு காலில்தான் வைத்தேன், முன் வலது காலில். அவள் லேசாக நொண்டுவாள், பண்ணைக்காரர்கள் வேண்டாம் என்பார்கள், சந்தை முடிந்ததும் கல்லை எடுத்துவிடுவேன். யாருக்கும் ஒரு சேதமும் இல்லை. ஹனீஃப் நாலு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருப்பான், பிறகு ரொட்டி சுட வந்துவிடுவான். என் நினைப்பு அவ்வளவுதான்.

மறுநாள் ஹனீஃப் அவளை முற்றத்தில் நடத்தினான். இலியாஸ் கயிற்றுக் கட்டிலில் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தான்.

"நில்லு. திரும்ப நடத்து" என்றான். இன்னும் நாலு எட்டு நடக்கவிட்டுக் கேட்டான். "முன் வலதுல பாரம் போட மாட்டேங்குறா. அத்தா, கொஞ்சம் பாருங்க."

அவன் காது அப்படி. நான் காலைத் தூக்கிக் குறடால் சுற்றிலும் அழுத்திப் பார்த்தேன், கல் இருந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டேன். "ஒண்ணும் தெரியல" என்றேன். ஹனீஃப் தரையில் உட்கார்ந்து அவள் காலைத் தடவிக்கொண்டே இருந்தான். கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னான்.

"போகட்டும் அத்தா. நோவு இருக்கிற புள்ளைய ஓட்டக் கூடாது. அடுத்த வருஷம் பாத்துக்குவோம்."

நான் நினைத்தது நடந்துவிட்டது, ஐயா. அங்கேயே விட்டிருக்கலாம். ஆனால் அவன் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. பெற்றவன் மனம் எப்படித் தாங்கும்? அடுத்த வருஷம் என்று வேறு சொன்னான். அடுத்த வருஷமும் அவன் இதே போல உட்கார்ந்து இதே காலைத் தடவ வேண்டுமா? அதற்கு அடுத்த வருஷமும்? "விடு, அத்தா சரி பண்றேன்" என்று சொல்லிக் கேசரைக் கொட்டகைக்குள் கூட்டிப்போனேன். இடது காலிலும் ஒரு கல் வைத்தேன்.

வெளியே வந்ததும் அவள் நூல் பிடித்தது போல நடந்தாள். ஹனீஃப் என் கரிபிடித்த கைகளை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். இலியாஸ் மட்டும் இன்னும் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"நாலும் சமமாத்தான் விழுது. ஆனா முன்ன இருந்த கெட்டி இல்லையே, அத்தா."

"புது லாடம். பழகணும்ல."

"அத்தா சொன்னா சரி" என்றான்.

சந்தையில் பண்ணையின் கால்நடை டாக்டர் ஒரு சின்னப் பெண். நல்ல வேலைக்காரி, அதைச் சொல்ல வேண்டும். கேசரை முன்னும் பின்னும் நடக்கவிட்டாள், பின்னால் குந்தி உட்கார்ந்து குதிகால் உயரம் பார்த்தாள், குளம்பின் கோட்டை விரலால் அளந்தாள்.

"முன்கால் ரெண்டும் அச்சுல வார்த்த மாதிரி இருக்கு. யாரு லாடம் அடிச்சது?"

"எங்க அத்தா" என்று ஹனீஃப் என் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினான். அவன் அப்படிப் பெருமைப்பட்டு நான் பார்த்ததில்லை.

"எட்டு வைக்கிறது மட்டும் கொஞ்சம் குறுகலா இருக்கே, பெரியவரே?"

"புது லாடம்மா. ரெண்டு நாள்ல நீட்டி வைப்பா."

சரி என்று தலையாட்டிவிட்டு எழுதிக்கொண்டாள். அந்தப் பெண்ணை நீங்கள் ஒன்றும் கேட்க வேண்டாம். அவள் மேல் தப்பில்லை.

முதலில் ரேவால் நடை. சவாரி செய்கிறவன் கையில் ததும்பத் ததும்பத் தண்ணீர்க் கிண்ணம் கொடுப்பார்கள், அது சிந்தாமல் குதிரை விரைய வேண்டும். ஹனீஃப் ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. ஆற்று மணல் மெத்தென்று காலை ஏந்திக்கொள்ளும், அங்கே வலி தெரியாது. பிறகு நாலுகால் பாய்ச்சல். வறண்ட ஆற்றின் நடுவிலிருந்து கிளம்பிக் கரை ஏறி, மேலே கெட்டித் தரையில் கொடிக் கம்பம்வரை ஓட வேண்டும். எல்லோரும் கிளம்புகிற இடத்தில் கூடி நின்று கூச்சல் போட்டார்கள். இலியாஸையும் அங்கேதான் ஒரு ஒட்டகவண்டி மேல் உட்கார வைத்திருந்தோம். நான் மட்டும் கரை முடிந்து கெட்டித் தரை ஆரம்பிக்கிற இடத்துக்கு நடந்துபோய் நின்றேன்.

ஒரு கால் மட்டும் வலிக்கிற குதிரை இன்னொரு காலால் தன்னைத் தாங்கிக்கொள்ளும். தன் மேல் இருப்பவனையும் தாங்கும். இரண்டும் வலித்தால் தாங்குவதற்கு ஒன்றும் மிச்சமில்லை. கேசர் மணலில் பறந்து வந்தாள். ஹனீஃப் என்னைப் பார்த்துவிட்டான், சிரித்தான். அவள் முன்னங்கால் இரண்டும் கெட்டித் தரையில் விழுந்தன, அப்படியே முட்டி மடங்கிப் போனாள். அவன் அவள் தலைக்கு மேலாகப் போய் விழுந்தான்.

பக்கத்தில் இருந்ததால் முதலில் ஓடிப் போனவன் நான். முதலில் அவன் கால்களைத்தான் தடவிப் பார்த்தேன். இரண்டும் நேராக இருந்தன, ஒரு கீறல்கூட இல்லை. அதற்குப் பிறகுதான் கழுத்தைப் பார்த்தேன்.

ஏன் கால்களை முதலில் பார்த்தாய் என்று கேட்கிறீர்கள். ஒரு கால் போகும், மிஞ்சினால் இடுப்பு போகும் என்று நினைத்திருந்தேன். அப்படி ஆகியிருந்தால் இரண்டு பேரும் வீட்டிலேயே இருந்திருப்பார்கள். இரண்டு கட்டில் போட்டு இரண்டு பேரையும் நானே பார்த்துக்கொண்டிருப்பேன். குளிப்பாட்டியிருப்பேன். எனக்கு ரொட்டி சுடத் தெரியும், ஐயா. நான் அவர்களை நன்றாகப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

கேசருக்குக் கால் எலும்பு உடைந்துவிட்டது. அந்த டாக்டர் பெண்ணே அழுதுகொண்டு ஊசி போட்டாள். எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. செத்த குதிரையை லாடத்தோடு புதைக்க மாட்டோம், போகிற இடத்துக்கு அது வெறுங்காலோடு போக வேண்டும். அந்த வழக்கத்தை இலியாஸுக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான். அடக்கத்துக்காக ஹனீஃபை நான் குளிப்பாட்டிக்கொண்டிருந்த நேரத்தில் இலியாஸ் ஊன்றுகோலை ஊன்றி, லாடத்தைக் கழற்றக் கேசரிடம் போய்விட்டான். அந்த ஒன்றை நான் மறந்துவிட்டேன். வேறு எதையும் மறக்கவில்லை.

அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் என் முன்னால் துணியை விரித்து இரண்டு கல்லையும் வைத்தான். எல்லாம் உனக்காகத்தான் என்று நான் வாய் திறந்தேன்.

"எனக்காகன்னு மட்டும் சொல்லிராதீங்க" என்றான். "என் மேல ஏத்தாதீங்க. நான் அவனப் போகச் சொன்னவன்."

பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டான். ஏழு வருஷத்தில் அவன் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான். "இந்த ரெண்டாவது கல்ல எப்ப எடுத்தீங்க?"  அவன் முடிச்சைக் கட்டிக்கொண்டு இங்கே கிளம்பி வந்துவிட்டான்.

என்ன பிரிவில் எழுதுவது என்று நீங்கள் யோசிப்பது தெரிகிறது. கீழே விழுந்து செத்தவன் என்று எழுதிவிட்டால் உங்களுக்கும் வேலை சுலபம். வேண்டாம். அவனுக்குச் சொல்லாததை உங்களிடம் சொல்லிவிடுகிறேன், அவன் வந்தால் படித்துக் காட்டுங்கள். அன்றைக்கு ஆற்றில் இறங்கியதுமே முதல் கல் கையில் கிடைத்துவிட்டது. அதற்குச் சரியான ஜோடியைத் தேடித்தான் மத்தியானம்வரை ஆனது.