டச்சுப் பையனின் பாவாடை

காய்ச்சல் இறங்கிய மகளை மடியில் போட்டுக்கொண்டு மன்னார்குடியிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். குத்தகைத் தகராறு ஓயாத வருடம் அது. முன் சீட்டில் விவசாயச் சங்கத்துக்காரர் ஒருவர், அவர் மனைவி, நடுவில் ஐந்து வயது மகன்.

"அந்தக் காலத்துல டச்சுக்காரன் ஆம்பளப் பிள்ளைக்கும் பாவாடைதான் கட்டுனானாம்," என்றார் அந்தப் பெண். "முத்துப்பேட்டையில சினிமா எடுக்குறவங்க புஸ்தகத்துல படமே காட்டுனாங்க. நம்ம பிள்ளைதான் அதுல டச்சுப் பையன், வெள்ளையாத் தெரிய முகத்துக்கு மாவு பூசிக்குவாங்களாம்."

"கப்பல்ல வந்து ஊரைப் பிடிச்சவன் பாவாடையோடயா வந்தான்?" என்றார் கணவர்.

"பெரியவங்களுக்குக் கால்சட்டைதாங்க. சின்னப் பிள்ளைங்களுக்குத்தான் பாவாடை."

"மிராசுதார் ஆளுங்க காதுல விழுந்தா? சங்கத்துக்காரன் மவன் பாவாடை கட்டுனான்னு களத்துமேட்டுல சொல்லிச் சொல்லிச் சிரிப்பானுங்க. போனதும் முடியாதுன்னு சொல்லிட்டு அடுத்த பஸ்ஸுல திரும்புறோம்."

அந்தப் பெண் அவர் பக்கம் திரும்பினார்.

"சின்னப் பிள்ளையில உங்களுக்கு முதல் மொட்டை போடுறதுக்கு முன்னாடி பாவாடை கட்டி, சடை பின்னி, தாழம்பூ வச்சு எடுத்த போட்டோ நம்ம வீட்டுக் கூடத்துல மாட்டியிருக்கே. அதுக்கு அடியில உட்கார்ந்துதானே சங்கக் கூட்டம் போடுறீங்க?"

அவர் குனிந்து மகனின் வெறுங்காலைப் பார்த்தார்.

"அதுல எனக்குக் கொலுசு இருக்கும்."

"இருக்கு."

"அப்ப இவனுக்கும் கொலுசு போடணும். இல்லாட்டி நடிக்க மாட்டான்னு சொல்லிடு."

"டச்சுக்காரன் கொலுசு போட மாட்டானாம்ங்க."

"கொலுசு இல்லாம வெறும் பாவாடையா? என்னத்த சரித்திரப் படம் எடுக்குறானுங்க!"