பால்சமிக் ஊற்றிய கீரை

பச்சை இலை என்றாலே முகம் சுளிப்பவர்களைச் சாப்பிட வைக்க, சாலட்டில் ஊற்றும் பால்சமிக் டிரெஸ்ஸிங் போல எதுவும் கிடையாது. திராட்சைச் சாற்றில் செய்த கறுப்பு வினிகர், ஆலிவ் எண்ணெய், கொஞ்சம் கடுகு விழுது, உப்பு. மூடி போட்ட பாட்டிலில் குலுக்கினால் முடிந்தது. மயோனைஸ் அளவுக்குக் கொழுப்பு இல்லை. தக்காளிமேல் ஊற்றலாம், கோழியை ஊறவைக்கலாம். என் கணவர் ரொட்டியைக்கூட அதில் தொட்டுக்கொள்வார்.

அவருக்கு இதயத்தில் செயற்கை வால்வு. ரத்தம் உறையாமலிருக்கத் தினமும் மாத்திரை. "கீரையில இருக்கிற வைட்டமின் கே, மாத்திரையோட வேலையைக் கெடுத்துடும்மா. கொஞ்சமா, தினம் ஒரே அளவா குடுங்க" என்று டாக்டர் என்னிடம்தான் சொன்னார். கணவர் வெளியே போனில் பேசிக்கொண்டிருந்தார். எவளுடன் என்று எனக்குத் தெரியும்.

ஆபரேஷன் முடிந்து உடம்பு தேறியதும் நேராகவே சொன்னார்: "அடுத்த மாசம் நான் தனியா போயிடறேன். நீ நல்லவதான். உன்கூட இருந்தா மூச்சு முட்டுது."

மறுநாள் பசலைக்கீரை கூடுதலாக வாங்கினேன்.

வெறும் இலையைத் தொடமாட்டார். டிரெஸ்ஸிங் ஊற்றினால் கிண்ணத்தை வழித்துவிடுவார். எண்ணெய் சேர்ந்தால் அந்த வைட்டமின் உடம்பில் நன்றாகவே சேரும். மாத்திரை வேலை செய்கிறதா என்று பார்க்க ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைக்குக் கூப்பிட்டார்கள். அவருக்குச் சளி என்று தள்ளிப்போட்டேன்.

ஒருநாள் நாத்தனார் வந்திருந்தாள். "என்ன அண்ணி, எங்கண்ணனை ஆடாக்கிட்டீங்களா? தழையா தின்னுது."

"உங்கண்ணி கைப்பக்குவம் அப்படி. நீ உன் வீட்டுக்காரருக்குச் சுடுதண்ணியாவது ஒழுங்கா வெச்சுக் குடு" என்றார் அவர், வாய் நிறைய இலையோடு.

அப்போது கிண்ணத்தைப் பிடுங்கியிருக்கலாம். கை நீண்டதும் உண்மை. "இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா?" என்றுதான் கேட்டேன்.

சாகட்டும் என்று நினைக்கவில்லை, ஐயா. படுக்கையில் விழுந்தால் போதும், என்னை விட்டுப் போகமாட்டார் என்று நினைத்தேன். பெட்டியில் சட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது சரிந்தார். ரத்தக்கட்டி மூளையை அடைத்திருந்தது. வலப்பக்கம் போயிற்று. பேச்சும் போயிற்று.

நாத்தனார் ஸ்டேஷனில் உங்களிடம் சொன்ன சந்தேகம் சரிதான். தெரிந்தே செய்தேன், எழுதிக்கொள்ளுங்கள். மதியத்துக்குள் மட்டும் விட்டுவிடுங்கள், அவருக்கு ஊட்ட வேண்டும். என் கையைக் கண்டால் பல்லைக் கடித்து வாயை இறுக மூடிக்கொள்கிறார். வெட்கம்தான். இந்த வயதில் பெண்டாட்டி ஊட்டினால் எந்த ஆணுக்கும் இருக்காதா?