ஊசி போட்ட பிறகு ஒரு மணி நேரம்

அதிகாலை நாலே முக்கால்... புறவழிச் சாலையில் ஒரு ஈ காக்கை இல்லை. என் நண்பனின் சித்தப்பாவுக்கு நடந்தது இது. கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், சொல்கிறேன்.

சித்தப்பா பஸ் ஓட்டுகிறவர். அன்று ஓட்டியது இரவல் கார். பக்கத்தில் சித்தி, வெறும் வயிற்றோடு.

இரண்டு வருடத்துக்கு முன் சித்திக்கு மார்பில் புற்றுநோய். அறுத்து எடுத்து, கரண்டு என்கிற கதிர்வீச்சும் வைத்தாயிற்று. இப்போது அதே இடத்தில் மறுபடி ஒரு கட்டி. பழைய தழும்பா, நோயா... தொட்டுப் பார்த்துச் சொல்ல முடியாது என்றுவிட்டார் டாக்டர். கதிர்வீச்சு கலந்த சர்க்கரையை ஊசியில் ஏற்றிப் படம் எடுப்பார்களாம். நோய் என்றால் சர்க்கரையை இழுத்துக்கொண்டு மின்னும். தழும்பு என்றால் இருட்டாகக் கிடக்கும்.

"இன்னொரு தடவை அந்த வைத்தியம் என்னால முடியாதுங்க. விட்டுருங்க என்னை."

சித்தப்பா வண்டியை இன்னும் வேகமாக விட்டார்.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்ட நர்ஸ் கண்டிப்பாகச் சொன்னாள். "ஒரு மணி நேரம் அசையாம படுத்திருக்கணும். பேசவே கூடாது. சார், நீங்க வெளிய இருங்க."

கனத்த கதவு... டக். ஸ்பிரிட் வாடை. சித்தப்பா உட்கார்ந்தார், எழுந்தார், சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றார். உள்ளிருந்து மெல்லிய முணுமுணுப்பு. ஏசி சத்தம் என்று நினைத்துக்கொண்டார்.

படம் வந்தது. கட்டி இருந்த இடம் இருட்டு.

"வெறும் தழும்புதான்" என்றார் டாக்டர். சித்தப்பா மேஜையில் கவிழ்ந்து அழுதுவிட்டார்.

ஆனால் தொண்டையில் பளிச்சென்று இரண்டு கோடு. டாக்டர் அங்கே விரல் வைத்தார். "இது நோயில்ல. பேசினா அந்தத் தசை இப்படித் தெரியும். ஒரு மணி நேரமும் யார்கூடம்மா பேசிட்டிருந்தீங்க?"

"பக்கத்துக் கட்டில் அக்காகூட" என்றாள் சித்தி. "விடாம கேட்டுக்கிட்டே இருந்தாங்க... வீடு எங்க, வீட்ல யாரு இருக்கான்னு."

நர்ஸ் டாக்டரைப் பார்த்தாள். அந்த அறையில் இருப்பதே ஒரு கட்டில்தான்.

சித்தப்பா விறுவிறுவென்று வெளியே வந்தார். வீட்டில் தனியாக இருந்த மகளுக்குப் போன் போட்டார்.

"பாப்பா... அம்மாவுக்கு ஒண்ணுமில்லடா."

"தெரியும்பா. தழும்புதானாம். ஆன்ட்டி சொன்னாங்க."

"எந்த... ஆன்ட்டி?"

மறுமுனையில் கட்டில் கிரீச்சிட்டது.

"என் பக்கத்துலதான் படுத்திருக்காங்க. உங்களை அவசரப்படாம வரச் சொல்றாங்கப்பா."