கனடாக்காரம்மாவுக்கு, பொறாமை குறையாமல்

நூல்களின் நடுவே நொடியும் சோராது நின்ற நூலகத் தலைவியே! பனிபடர் தேசத்தின் படைப்பாளர் பலரைப் பக்கத்து வீட்டாராய் எங்களுக்குப் பழக்கிவைத்த பண்பின் பெட்டகமே! கனடா மண்ணில் ஒருநாளும் காலடி வைக்காமலே 'கனடாக்காரம்மா' என்று வாசகர் வாயால் பெயர்பெற்ற வாசிப்பின் வள்ளலே! வணக்கம்.

தாங்கள் ஓய்வுபெறும் இந்நாளில் வாசிக்க, தங்கள் இருபத்திரண்டு ஆண்டுப் பணியைப் புகழ்ந்து எழுதித் தருமாறு எங்கள் துணை நூலகரைக் கேட்டோம். "புகழ்ச்சி எனக்கு வராது. நடந்ததைச் சொல்றேன், எழுதிக்குங்க" என்றார். அவர் சொன்னதை, அவர் சம்மதத்தோடு, இந்த அவையில் வாசிக்கிறோம்.

தாங்கள் வருவதற்குப் பதினோரு ஆண்டு முன்பிருந்தே இங்கே உழைத்தவர் அவர். தலைமை நாற்காலி தமக்கே என்று நம்பியிருந்தார். தாங்கள் வந்து அமர்ந்தீர்கள். அவருக்குப் பொறாமை பற்றிக்கொண்டது. மூடப்பட்ட நூலகம் ஒன்றிலிருந்து நன்கொடையாய் வந்த நான்கு பெட்டி கனடா நூல்களைக் 'கழிவு' என்று எழுதி தாங்கள் வருமுன்பே மாடிப்படிக்கு அடியில் தள்ளியிருந்தவரும் அவரே. தாங்கள் வந்த வாரமே அவற்றைப் பிரித்தீர்கள். ஒவ்வொன்றாய்ப் படித்து, "வீட்டு வேலையை முடித்துவிட்டுத் தொடங்கவும்" என்பதுபோல் இரண்டே வரி எழுதிய சீட்டை அட்டைக்குள் வைத்தீர்கள்.

வியாழன் மாலை வாசிப்பு வட்டத்துக்கு முதலில் வந்தவர்கள் நால்வர். ஆண்டு திரும்புவதற்குள் நாற்பதுபேர். சிற்றூர்ச் சமையலறைகளின் மௌனத்தை எழுதியவர்கள், கோதுமைச் சமவெளியின் தனிமையை எழுதியவர்கள், பறிபோன மண்ணின் பூர்வகுடிக் குரல்கள், பெட்டியோடு வந்திறங்கி இரண்டு மொழிக்கு நடுவே வாழ்ந்தவர்கள் என்று வாரம் ஒருவரைத் தாங்கள் அறிமுகம் செய்ய, அறை நிரம்பி வழிந்தது. துணை நூலகர் ஆசையாய் அடுக்கிய வரலாற்று நூல்களைத் தேடித் தூசு மட்டுமே வந்தது.

ஒருநாள் நூலகக் குழுவினர் வட்டத்தைப் பார்வையிட வருவதாக இருந்தது. அவர்களுக்குப் பிடித்தால் அறை நிலைக்கும். இல்லையேல் அது கிடங்காகும். அன்றைய நூல், உறைந்த ஏரியின்மேல் லாரி ஓட்டும் விதவை ஒருத்தியின் நாவல். இருந்தது ஒரே பிரதி; பல மாதம் கைமாறி வட்டத்தில் எல்லோரும் படித்திருந்தார்கள். காலையில் அதைத் துணை நூலகர் தம் இரும்பு அலமாரியில் பழைய கோப்புகளுக்குப் பின்னே ஒளித்துவைத்தார்.

தாங்கள் தேடினீர்கள்; கிடைக்கவில்லை. குழுவினர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள். தாங்கள் வாசகர் பக்கம் திரும்பி, "புத்தகம் கைக்கு எட்டல. படிச்சவங்க ஆளுக்குக் கொஞ்சம் சொல்லுங்க" என்றீர்கள்.

பேருந்து ஓட்டுநர் எழுந்தார். "ஐஸ் உடைஞ்சா வெளிய குதிக்கணுமே, அதனால லாரிக் கதவைத் திறந்து வெச்சே ஓட்டுவா. அந்தக் குளிர் முகத்துல அடிக்கும். நான் அதைப் படிச்சப்போ எங்க வீட்டு ஜன்னலைச் சாத்திட்டேன்" என்றார். அறை சிரித்தது. செவிலியர் ஒருவர் அந்த விதவை கணவனின் கையுறையைப் போட்டுக்கொள்ளும் இடத்தைச் சொன்னார், யாரும் சிரிக்கவில்லை. ஒன்றரை மணிநேரம் அந்நூல் நாற்பது வாய்களில் நடந்தது. அறை நிலைத்தது.

வாசலில் நின்றிருந்த துணை நூலகருக்கு அப்போதுதான் உறைத்தது: அங்கே அந்த நூலைப் படிக்காத ஒரே ஆள் அவர். முன்பு தங்கள்மேல் மட்டும் இருந்த பொறாமை இப்போது பேருந்து ஓட்டுநர்மேலும் பாய்ந்தது.

ஒளித்த நூலை வீட்டுக்குக் கொண்டுபோய், ஞாயிறன்று காலையிலேயே பிரித்தார். மதியம் அவர் மனைவி எட்டிப்பார்த்து, "என்னங்க, யாருக்காவது ஏதாவது ஆயிடுச்சா? கண்ணெல்லாம் கலங்கியிருக்கு" என்றாராம்.

மறுநாள் நூலைத் தங்கள் மேசையில் வைத்தார். "நான்தான் ஒளிச்சு வெச்சேன், மேடம்."

நடவடிக்கைக் கடிதத்துக்குத் தயாராக நின்றார் அவர்.

"எந்தப் பக்கத்துல அழுதீங்க?" என்றீர்கள்.

"நூத்தி நாப்பத்தி ரெண்டு" என்றார் அவர்.

"அந்தப் பக்கமா?" என்று உடனே புரட்டிப் பார்த்தீர்கள். விஷயம் அத்தோடு முடிந்தது. எங்களில் ஒருவருக்கும் தாங்கள் சொல்லவில்லை. இப்போது அவரே சொல்லும்வரை எங்களுக்குத் தெரியாது.

அதனால் அவர் திருந்திவிட்டார் என்று எண்ணவேண்டாம். புதிய கனடா நூல் வந்தால் பொட்டலத்தை முதலில் பிரிப்பது யார் என்று இருவரும் பதினைந்து ஆண்டு போட்டிபோட்டதை நாங்களே கண்டோம். பெரும்பாலும் தாங்களே வென்றீர்கள். பெரும்பாலும் அவர் அன்று எவரிடமும் பேசமாட்டார்.

சென்ற வியாழன், தங்கள் கடைசி வட்டம். "இன்னிக்கு நீங்க பேசுங்க" என்று அவரை முன்னால் நிறுத்திவிட்டுத் தாங்கள் கடைசி வரிசையில் போய் அமர்ந்தீர்கள். தாங்கள் பலமுறை பேசிய சிறுகதைத் தொகுப்பு ஒன்றையே அவர் எடுத்தார். கணவனை விட்டுப் புறப்படும் அம்மாவின் கதையை, காரின் பின் இருக்கையில் தூங்குவதுபோல் நடித்த மகளின் பக்கம் நின்று சொன்னார். ஒரு நாற்காலிகூட அசையவில்லை.

எல்லோரும் போனபின் தாங்கள் அவரிடம் சொன்னீர்களாம்: "இத்தனை வருஷமா நான் அந்த அம்மாவை மட்டுமே பாத்திருக்கேன், சார். அந்தப் பொண்ணு முழிச்சிருந்தது எனக்குத் தோணவே இல்ல. பொறாமையா இருக்கு."

இதைச் சொல்லிவிட்டு எங்கள் துணை நூலகர், "முப்பத்து மூணு வருஷ சர்வீஸ்ல எனக்குக் கிடைச்ச ஒரே பாராட்டு அதுதான். கடைசியில அதையும் எழுதிடுங்க" என்றார். எழுதிவிட்டோம்.

திருப்பித் தரும் தேதி இல்லாத நூல்களோடும், எழுத்து மங்காத கண்களோடும், நோயறியா உடலோடும் தாங்கள் நூறாண்டு வாசித்து மகிழ்க!

இனி வியாழன்தோறும் கடைசி வரிசையில் தங்களை எதிர்பார்க்கும்,
நூலகப் பணியாளர்கள்