லெஸ்லிக்குக் காவலிருந்த பிற்பகல்

இந்த டாக்டர் தேநீரை ஆறவிட்டுத்தான் குடிப்பார் போலிருக்கிறது, கூட ஒரு நல்ல பிஸ்கெட்டாவது வைத்திருக்கலாம் என்று நினைத்துக்கொண்டே பேசத் தொடங்கினேன்.

லெஸ்லி மீது எனக்குக் கோபமே கிடையாது. லண்டன் பப்புகளின் பின்னறைகளில் அவன் கிதார் வாசிப்பான், நான் பாடுவேன். எல்லாம் பருத்திக் காட்டில் பாடுபட்ட அமெரிக்கக் கறுப்பர்களின் ப்ளூஸ் பாட்டுகள். பருத்திச் செடியை நாங்கள் படத்தில்கூடப் பார்த்ததில்லை; ஆனாலும் அந்தப் பாட்டுகளில் அழுகை நேர்மையாக இருந்தது.

அறுபத்தேழில் ஊரே பூப்போட்ட சட்டைக்கு மாறியது. லெஸ்லி ஆசிட் என்ற போதைமருந்தைச் சாப்பிட்டுவிட்டு, பிரபஞ்சத்தையே பார்த்துவிட்டதாகச் சொன்னான். பிறகு ஒரு சிதார் வந்தது. அதற்குச் சுருதி சேர்க்க எங்கள் குழுவில் ஒருவருக்கும் தெரியாது. ஒலிநாடாவைப் பின்னோக்கி ஓடவிட்டு, அதையும் பாட்டு என்றார்கள்.

"மேவிஸ் கண்ணு, உன் குரல்ல மண் வாசனை ஜாஸ்தி. நாங்க மேல போய்ட்டிருக்கோம்" என்றான் லெஸ்லி.

"ஏணி இருக்கா?" என்றேன். டிரம்மர் கீத் மட்டும் சிரித்தான்.

பாட்டைப் பிடுங்கிக்கொண்டு வேறு வேலை தந்தார்கள். ஆசிட் சாப்பிடுகிறவன் பக்கத்தில், சாப்பிடாத ஒருவர் காவலிருக்க வேண்டும். அவன் பயந்தால் கையைப் பிடித்து, 'இது மருந்து பண்ற வேலை, தெளிஞ்சிடும்' என்று சொல்ல வேண்டும். காவலாள் சொல்வதை அவன் அப்படியே நம்புவான். அதுதான் ஏற்பாடு. தாங்கள் விரட்டிய என்னையே காவலுக்கு வைத்தார்கள். பிரபஞ்சத்தைப் பார்த்தவர்களின் ஞானம் அவ்வளவுதான்.

அன்று பிற்பகல் அறையில் நாங்கள் இருவர் மட்டும். லெஸ்லிக்கு வியர்த்துக் கொட்டியது. என் கையைப் பற்றிக்கொண்டான்.

"மேவிஸ், எனக்கு என்னமோ ஆகுது. நான் செத்துட்டேனா?"

"ஆமா லெஸ்லி. காலையிலேயே."

மென்மையாகத்தான் சொன்னேன். போர்வையை முகம்வரை இழுத்து மூடிவிட்டேன். பிறகு ஜன்னலருகே உட்கார்ந்து ஒரு பழைய பாட்டை முணுமுணுத்தேன். அவன் அசையவே இல்லை.

மருந்து தெளிந்தது. அவன் தெளியவில்லை. செத்தவனுக்கு எதற்குச் சாப்பாடு என்கிறானாம். நான் செய்ததெல்லாம் இசைக்காகத்தான்.

டாக்டர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"குழாய் போட்டுத்தான் ஊட்டறோம். அதையும் பிடுங்கிப் போடறார். இப்படியே போனா பிழைக்க மாட்டார். யார் சொன்னாலும் நம்பறதில்ல, 'மேவிஸ் சொல்லட்டும்'ங்கறார். பக்கத்து அறைதாம்மா. 'நீ உயிரோடதான் இருக்கே'ன்னு அவர்கிட்ட ஒரு வார்த்தை வந்து சொல்லுங்க."

நான் கையுறையை மாட்டிக்கொண்டேன்.

"மன்னிக்கணும் டாக்டர். ஆறுதலுக்காகப் பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்ல."